கச்சேரியின் இரண்டு வாசல்கள்

வேலூரில் என் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெபக்கூட்டம் முடிந்து வருகிற பெண்களில் ஒருத்தி இப்போது சிறைத்துறையில் வார்டராக வேலை பார்க்கிறாள். நாட்டுக்குப் புதிய அரசியல் சாசனம் வந்த வாரம் என் மூக்குக்கண்ணாடி ரிப்பேருக்குப் போயிருந்தது. அதனால் பத்திரிகையில் வெளியாகியிருந்த அடிப்படை உரிமைகளை அவளே எனக்கு வாசித்துக் காட்டினாள். கைதானவரை இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்தியாக வேண்டும் என்ற வரி வந்ததும், பத்திரிகையை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எழுதி வெச்சிட்டா சர்க்காரு கேட்டுக்குமாம்மா? உள்ளேயே இருந்து பாத்தவங்க நீங்க, சொல்லுங்க."

அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். ஆம் என்றாலும் இல்லை என்றாலும் பாதிதான் உண்மையாக இருந்திருக்கும். அந்த வரி எனக்குப் புதியதுமல்ல. வெள்ளைக்காரர் காலத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே அது இருந்தது. அப்போது அதை உரிமை என்று யாரும் சொன்னதில்லை, 'ரூல்' என்பார்கள். அந்த ரூல் ஒரு மாலை சர்க்காரையே வாசலில் நிறுத்தி வைத்ததை நான் கண்ணால் கண்டேன். அதை எழுத வேண்டுமானால் ஒரு கட்டடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

நான் விதவையான பின் வேலைக்கு வந்தவள். மிஷன் பள்ளிப் படிப்பும் வாசிப்பில் இருந்த ஆசையும்தான் என் தகுதிகள். வேலூரில் கொஞ்ச காலம் பயிற்சி கொடுத்தார்கள்: பூட்டிய பூட்டை இழுத்துப் பார்ப்பது, எண்ணிய தலைகளை மறுபடியும் எண்ணுவது, குரலை உயர்த்தாமல் பேசுவது. பிறகு பாலாற்றங்கரையில் ஒரு தாலுகா ஊரின் சப்-ஜெயிலுக்குப் பெண் வார்டராக அனுப்பினார்கள். ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. அன்று அங்கே இருந்தவர்களின் பிள்ளைகள் இன்று உத்தியோகத்தில் இருக்கிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் போய் வந்தவர்களுக்கு எப்படிப்பட்ட ஊர் என்று விளக்க வேண்டியதில்லை. காற்று ஆற்றுப் பக்கமிருந்து வந்தால் சுண்ணாம்பும் ஊறிய தோலும் மணக்கும். தோல் பதனிடும் கிடங்குகளின் பக்கமிருந்து வந்தால் ஆவாரம்பட்டை மணக்கும். சில மாதங்களில் இரண்டும் தெரியாமல் போய்விடும்.

தாலுகா கச்சேரி ஓடு வேய்ந்த நீளமான கட்டடம். ஒரு முனையில் சப்-மாஜிஸ்திரேட் கோர்ட்டு, மறுமுனையில் சப்-ஜெயில், நடுவே கஜானாவும் காகித அறையும். கோர்ட்டையும் ஜெயிலையும் இணைக்க உள்ளே ஒரு குறுகிய நடையும் அதன் கோடியில் ஒரு கதவும் இருந்தன. அந்த உள்வாசல் வழியாகப் போனால் வெற்றிலை மடிப்பதற்குள் இந்தப் பக்கம் வந்துவிடலாம். வெளியே போனால் முற்றத்தைச் சுற்றி, மனு எழுதுகிறவர்களும் வழக்காடிகளும் உட்கார்ந்திருக்கும் புங்கமரத்தைக் கடந்து, எல்லார் பார்வையிலும் பட்டு வர வேண்டும்.

சிறிய தாலுகா என்பதால் மாஜிஸ்திரேட் பதவிக்கும் சப்-ஜெயில் சூப்பரிண்டெண்டு பதவிக்கும் சேர்த்து ஒரே உத்தியோகஸ்தர்தான். நான் போனபோது தணிகாசலம் என்பவர் இருந்தார். மெலிந்த உடல், தாழ்ந்த குரல், எதையும் வாய்க்குள் ஒருமுறை படித்துவிட்டே உரக்கப் படிப்பார். கோர்ட்டில் கறுப்புக் கோட்டும் தலைப்பாகையும் அணிந்து மேடையில் உட்காருவார். ஜெயிலுக்கு வரும்போது இரண்டையும் கழற்றி வைத்துவிட்டு, வெறும் சட்டையோடு முற்றத்தைச் சுற்றி நடந்து வந்து, எங்கள் வாசலில் கிடந்த முக்காலியில் உட்காருவார். உள்வாசலைத் தாழிட்டு வைத்திருந்தார். கைதிகளை அந்த வழியாகக் கொண்டுவரக் கூடாது என்பது அவர் கட்டளை. தாமும் அந்த வழியாக வரமாட்டார், மழையானாலும்.

இதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. ஒரு கைதியின் ரிமாண்டுக் காலம் முடியப்போகிறது என்றால், சூப்பரிண்டெண்டு தணிகாசலம் மாஜிஸ்திரேட் தணிகாசலத்துக்கு மரியாதையாக ஒரு நினைவூட்டுக் கடிதம் எழுதுவார். டவாலி சேவகர் அதை முற்றத்தைச் சுற்றிக் கொண்டுபோய்க் கோர்ட்டு மேசையில் வைப்பார். மறுநாள் கோட்டு அணிந்த தணிகாசலம் அதைப் பிரித்துப் படித்துப் பதில் எழுதுவார். ஒருமுறை பதில் தாமதமானதற்காகத் தம்மையே கண்டித்து எழுதியதாகக் குமாஸ்தாக்கள் சொல்லிச் சிரிப்பார்கள். போலீஸ் ஸ்டேஷன் ஏட்டு கோவிந்தராஜுலு அதை நடித்தே காட்டுவார்.

"கோட்டு மாட்டிக்கினா ஐயாவுக்கு ஐயாவையே தெரியாதும்மா. வணக்கம் யாருங்க நீங்கன்னு கேப்பாரு."

நானும் சிரித்திருக்கிறேன்.

ஒரு பெண் கைதியைப் பெற்றுக்கொள்ளும் முறை இதுதான். முதலில் வாரண்டு. பெயர், தகப்பன் அல்லது கணவன் பெயர், எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவு, எந்தத் தேதி வரை, மாஜிஸ்திரேட்டின் கையெழுத்து, கோர்ட்டு முத்திரை. இவற்றில் ஒன்று குறைந்தாலும் கதவைத் திறக்கக் கூடாது. அடுத்து, கதவைச் சாத்திய அறையில், ஆண் நிழல் விழாதபடி, நான் மட்டும் சோதனை செய்ய வேண்டும். தாலியைத் தொடக் கூடாது. உடம்பில் காயமோ வீக்கமோ இருந்தால் அப்போதே சூப்பரிண்டெண்டிடம் சொல்ல வேண்டும். பால்குடிக் குழந்தை இருந்தால் தாயோடு இருக்கும். தாய்க்குக் கூடுதலாகக் கஞ்சி உண்டு. பொழுது சாய்ந்து தலை எண்ணிக் கதவடைத்துவிட்டால் மறுநாள் காலை வரை யாரையும் உள்ளே எடுக்கக் கூடாது.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

ஊரில் ஒரு தோல் கிடங்கில் ஆட்கள் வேலைக்குப் போகாமல் நின்றிருந்தார்கள். அந்தச் சமயத்தில் கிடங்கின் ஆவாரம்பட்டைக் குவியலில் தீப்பிடித்தது. முனுசாமி என்ற தொழிலாளிதான் வைத்தான் என்று முதலாளி தரப்பில் புகார். அவன் ஊரில் இல்லை. சனிக்கிழமை, கோர்ட்டு கலைந்து தணிகாசலம் வீட்டுக்குப் போன பிறகு, நான் விளக்குத் துடைத்துக்கொண்டிருந்த வேளையில், ஏட்டு கோவிந்தராஜுலு ஒரு பெண்ணோடு எங்கள் வாசலுக்கு வந்தார். இருபது வயதைத் தாண்டியிருக்க மாட்டாள். இடுப்பில் குழந்தை. சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்கிறவர்களுக்கு இருக்கும் வெளுத்து வெடித்த விரல்கள்.

"வார்டரம்மா, ஒரு பொம்பள, ஒரு கொழந்த. உள்ள எடுத்துக்கோங்க. திங்கக்கெழம கோர்ட்டு தெறந்ததும் வாரண்டு வந்துடும்."

"என்ன கேஸ், ஏட்டையா?"

"கேஸு இவ புருசன் முனுசாமி மேல. அவன் ஆலங்காயம் காட்டுப் பக்கம் போய்ட்டான். இவ உள்ள இருக்கான்னு காதுல உழுந்தா தானா வந்து நிப்பான். ரெண்டு நாள் கஞ்சி ஊத்தினா சர்க்காருக்கு இன்னா கொறஞ்சிடப் போவுது?"

"வாரண்டு இல்லாமல் நான் எடுக்க முடியாதே."

"தெரியும்மா. அதான் உள்வாசல தெறந்து அந்தப் பக்கமா எடுத்துக்கோங்கன்றேன். ஒருத்தருக்கும் தெரியாது."

"நான் எடுக்கவில்லை என்றால்?"

"டேசனுக்கு இட்டுக்கினு போறேன். லாக்கப்புல பெஞ்சு கீது."

"அங்கே பெண் யாரும் இல்லையே."

அவர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். "அதனாலதான் உங்ககிட்ட இட்டாந்தேன். எனக்கும் பொண்ணு கீதும்மா. இன்ஸ்பெக்டரு சொல்லிட்டாரு, நான் இன்னா பண்றது?"

வாரண்டு இல்லாதவர்களைத் திருப்பி அனுப்புவது எனக்குப் புதிதல்ல. ஆனால் இந்த முறை ரூலைப் பிடித்துக்கொண்டு கதவைச் சாத்தினால், ரூல் யாரைக் காப்பதற்காக எழுதப்பட்டதோ அவளே ஆண்கள் மட்டும் இருக்கிற லாக்கப்பில் இரண்டு இரவுகள் கிடப்பாள். கதவைத் திறந்தாலோ, புருஷனைப் பிடிக்கப் பெண்டாட்டியை அடைத்து வைக்கும் வேலைக்கு என் சாவியும் உடந்தையாகும். அவள் பெயர் கன்னியம்மா. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எம்மா, என்ன உள்ளயே வெச்சிக்கம்மா. ஒரு பொம்பள இருக்கிற எடமா இருந்தா போதும்மா. டேசனுக்கு மட்டும் அனுப்பிடாத."

சிறைக்குள் விடும்படி கெஞ்சிய ஒரே ஆளை என் உத்தியோக காலத்தில் அன்றுதான் கண்டேன். சாயும் வெயில் புங்கமரத்தின் உச்சிக்கு ஏறிவிட்டிருந்தது. கதவடைக்கும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. பாராவில் நின்றவரைத் தணிகாசலத்தின் வீட்டுக்கு ஓடச் சொல்லிவிட்டு, நான் கதவுக்கு வெளியே வந்து கன்னியம்மாவின் பக்கத்தில் நின்றுகொண்டேன். குழந்தை அழுதது. அவளை அங்கேயே படியில் உட்கார்ந்து பால் கொடுக்கச் சொல்லி, என் சேலைத் தலைப்பை விரித்து மறைத்தேன்.

தணிகாசலம் வெறும் சட்டையோடு வந்து முக்காலியில் உட்கார்ந்தார். ஏட்டு சொன்னதை முழுதும் கேட்டார்.

"வாரண்டு எங்கே?"

"ஐயா, நீங்கதானே மாஜிஸ்திரேட்டு. இங்கயே ஒரு கையெழுத்துப் போட்டுட்டா…"

"இந்த வாசல்ல நான் ஜெயில் சூப்பரிண்டெண்டு. வாரண்டு இல்லாம யாரையும் வாங்கிக்க எனக்கு அதிகாரம் இல்லை. இந்தப் பெண்ணை நீங்க கைது பண்ணியிருக்கீங்களா?"

ஏட்டு விழித்தார். ஆம் என்றால் காரணம் சொல்ல வேண்டும். இல்லை என்றால் விட வேண்டும்.

"கைதுன்னு இல்லீங்க… சும்மா இட்டாந்தோம்."

"சும்மா கூட்டிட்டு வந்தவள்னா சும்மா திரும்பிப் போகலாம். கைதுன்னா மாஜிஸ்திரேட் முன்னால நிறுத்துங்க. அவர் அந்தப் பக்கம் இருப்பார்." எழுந்து என் பக்கம் திரும்பினார். "நீங்களும் கூட வாங்கம்மா. குழந்தைக்காரி. முற்றத்தைச் சுற்றியே வாங்க."

அவர் முன்னால் நடந்தார். "இப்போ கோட்டு மாட்டிக்கினு வருவாரு பாரு," என்று ஏட்டு பாராக்காரரிடம் முணுமுணுத்தார். குரலில் வழக்கமான உற்சாகம் இல்லை.

முற்றத்தைச் சுற்றி நடந்தபோதுதான் அந்த வழியின் அருமை எனக்கு விளங்கியது. சந்தை நாள் என்பதால் புங்கமரத்தடியில் கூட்டம் இன்னும் கலையவில்லை. வேறு கிடங்குகளில் வேலை முடிந்து குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்த பெண்கள் கன்னியம்மாவைப் பார்த்துவிட்டார்கள். "ஏய், இது நம்ம முனுசாமி ஊட்டுக்காரிடி! இவள எங்க இட்டுக்கினு போறாங்க?" என்று ஒருத்தி கூவினாள். கோர்ட்டு வாசலை நாங்கள் அடைவதற்குள் பின்னால் ஒரு சிறு ஊர்வலமே சேர்ந்துவிட்டது. உள்வாசல் வழியாக வந்திருந்தால், அவள் எங்கே போனாள் என்பது ஊரில் எங்கள் இரண்டு மூன்று பேரைத் தவிர யாருக்கும் தெரிந்திருக்காது.

டவாலி சேவகர் ஜன்னல்களைத் திறந்து விளக்கேற்றினார். தணிகாசலம் கோட்டும் தலைப்பாகையுமாக மேடைக்கு வந்தார். எங்களை அதற்கு முன் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. யாரும் சிரிக்கவில்லை.

அதற்குள் செய்தி போய் இன்ஸ்பெக்டரே சைக்கிளில் வந்துவிட்டார். படித்த இளைஞர், முரடரல்ல. நேராக நின்று, தலைமறைவான குற்றவாளிக்கு இவள் அடைக்கலம் கொடுத்திருக்கிறாள், அதற்காகக் கைது, ரிமாண்டு வேண்டும் என்றார். ஏட்டின் முகத்தில் நிம்மதி தெரிந்தது. இப்போது பிரிவு இருந்தது, கைது இருந்தது, கையெழுத்துப் போட ஆளும் இருந்தார்.

தணிகாசலம் தண்டனைச் சட்டப் புத்தகத்தை வரவழைத்தார். பக்கத்தைத் தேடி எடுத்து, வழக்கம்போல வாய்க்குள் ஒருமுறை படித்தார். பிறகு உரக்கப் படித்தார். அடைக்கலம் கொடுப்பது குற்றம் என்று பிரிவு சொன்னது. அதன் அடியில் ஒரு விதிவிலக்கு இருந்தது. அதை இங்கிலீஷில் படித்துவிட்டுத் தமிழில் நிதானமாகச் சொன்னார்:

"புருஷனுக்குப் பெண்டாட்டியோ, பெண்டாட்டிக்குப் புருஷனோ அடைக்கலம் கொடுத்தால் இந்தப் பிரிவு செல்லாது. வேற ஏதாவது குற்றம் இருக்கா?"

இன்ஸ்பெக்டர் மேடைக்கு அருகே ஓரடி வந்தார். பிறகு தாழ்ந்த குரலில், "இந்தத் தீ விஷயமாக் கலெக்டர் துரையே கேட்டிருக்காருங்க. நான் என்ன பதில் எழுதறது?" என்றார்.

"மாஜிஸ்திரேட் ரிமாண்டு கொடுக்க மறுத்துட்டார்னு எழுதுங்க. அதுதானே நடந்தது."

குரலில் நடுக்கமில்லை. ஆனால் மேசைக்கு அடியில் அவர் விரல்கள் கோட்டின் கீழ்ப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தன. பக்கவாட்டில் நின்ற எனக்கு மட்டும் அது தெரிந்தது. திங்கட்கிழமை அந்தப் பொத்தான் இல்லாமலே கோர்ட்டுக்கு வந்தார்.

உத்தரவை எழுதி முடித்து, "நீ போகலாம்மா," என்றார்.

கன்னியம்மா தரையில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

"யாரு கூடங்க சாமி?"

"யார் கூடவும் இல்லை. நீயாப் போகலாம்."

அவள் ஏட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். ஒரு கச்சேரி அவளைப் போகச் சொல்லும், அழைத்துப்போக ஆள் அனுப்பாது என்பது அவள் அறிந்த உலகத்தில் இல்லை. நான் குனிந்து குழந்தையை வாங்கிக்கொண்ட பிறகுதான் எழுந்தாள். நான் அவளோடு வீடு வரை போகலாமா என்று தணிகாசலத்திடம் கேட்டேன். "அதுக்கு நீங்க சூப்பரிண்டெண்டைத்தான் கேட்கணும்," என்றார். பிறகு அன்று முதல்முறையாக லேசாகச் சிரித்து, "மறுக்கமாட்டார்," என்றார்.

கிடங்குப் பெண்கள் சூழ நடந்தோம். ஏட்டு தெருமுனை வரை பின்னால் வந்து, அங்கே நின்றுவிட்டார். இருட்டத் தொடங்கியிருந்தது. கன்னியம்மா குழந்தையைத் திரும்ப வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அந்த ஐயா எங்க ஆளுங்களாம்மா?"

"இல்லை."

"அப்பறம் ஏன் எனக்காகச் சண்ட போட்டாரு?"

"புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது."

"என் பேரு அதுல கீதா?"

"பேர் இல்லை. பெண்டாட்டி என்று போட்டிருக்கிறது."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்போ நான்தான்," என்றாள்.

அடிப்படை உரிமைகளைப் பற்றி அதன்பின் நான் எத்தனையோ படித்திருக்கிறேன். அந்த இரண்டு சொற்களைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அடுத்த வாரத்தில் ஒரு நாள், கோர்ட்டு நடந்துகொண்டிருக்கையில், காட்டு முள் கிழித்த கால்களோடு முனுசாமி நேராகக் கோர்ட்டுக்குள் வந்து நின்றான். வாசலில் இருந்த கோவிந்தராஜுலு தடுக்கப் போனார்.

"தள்ளிக்கோ ஏட்டையா. எம் பொண்டாட்டிய நீயா போன்னு சொன்னாரே, அந்த ஐயா முன்னாடிதான் நிப்பேன். உங்கிட்ட வந்தா பேஜாரு."

கோர்ட்டே சிரித்தது. அன்று மாலை முறையான வாரண்டோடு, முற்றத்தைச் சுற்றி, எங்கள் ஆண்கள் பகுதிக்கு அவன் வந்தான். தணிகாசலம் முக்காலியில் உட்கார்ந்து அவன் உடம்பைப் பார்த்து, அடிபட்ட காயம் ஏதும் இல்லை என்று பதிந்துகொண்டார். தீ எப்படிப் பிடித்தது என்பது கடைசிவரை தெரியவில்லை. அவன் வைத்ததைப் பார்த்ததாகச் சொல்ல ஒரு சாட்சியும் வராததால் விடுதலையானான். பெண்டாட்டியை அடைத்திருந்தால் அவன் வந்திருப்பானோ என்னவோ. அவளை விட்டதனால் வந்தான் என்பதை நான் அறிவேன்.

சில மாதங்களில் தணிகாசலத்துக்கு மாற்றல் வந்தது, காய்ச்சலுக்குப் பேர்போன ஒரு மலையடிவாரத்துக்கு. இதனால்தான் என்று நான் நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஊரில் வேறு காரணம் யாரும் சொல்லவில்லை. அவர் போகும்போது கிடங்குப் பெண்கள் ரயில் ஸ்டேஷன் வரை வந்தார்கள்.

என்னிடம் கேட்டவளுக்கு இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. பிற்காலத்தில் சத்தியாக்கிரகம் வலுத்தபோது அவசரச் சட்டங்கள் வந்தன. அப்போது வந்த காகிதங்களில் ஒன்றும் குறைவில்லை: பெயர், பிரிவு, கையெழுத்து, முத்திரை எல்லாம் சரியாக இருந்தன. குற்றம் மட்டும் இல்லை. கள்ளுக்கடை வாசலில் நின்று பாடிய பெண்களை அந்தக் காகிதங்களை வாசித்து நான் உள்ளே எடுத்துக்கொண்டேன். வாசலில் கேட்கும் ரூல், காகிதத்தையே மாற்றி எழுதுகிற கையை ஒன்றும் செய்ய முடியவில்லை. அதனால்தான், இப்போது அந்த வரியை அவசரமாக அழிக்க முடியாத இடத்தில் எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டபோது என் மனம் இளைப்பாறியது. முழுதாக அல்ல, கையெழுத்துப் போடுகிறவரும் கதவு திறக்கிறவரும் மனிதர்கள்தானே. ஆனாலும் இளைப்பாறியது.

அதற்குக் காரணமும் உண்டு. தணிகாசலத்துக்குப் பின் வந்தவர் நல்லவர், சோம்பேறி. வந்த வாரமே உள்வாசலின் தாழை எடுத்துவிட்டார். இரண்டு பக்கமும் கோட்டோடுதான் இருப்பார். எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடுவார். இனி ரூல் எல்லாம் அவ்வளவுதான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஒரு மாலை, கதவடைக்கும் வேளைக்குக் கொஞ்சம் முன்னால், கோவிந்தராஜுலு ஒரு சாராயக் கேஸ் பெண்ணோடு வந்தார். உள்வாசல் திறந்துதான் கிடந்தது. அவர் அந்த வழியாக வரவில்லை. முற்றத்தைச் சுற்றி, புங்கமரத்தைக் கடந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். நான் கேட்பதற்கு வாயெடுக்குமுன் சட்டைப் பையிலிருந்து வாரண்டை எடுத்து நீட்டினார்.

"கேக்காதீங்கம்மா, கீது. மொதல்ல கோர்ட்டுக்குப் போய்ட்டுதான் வர்றேன்."

நான் பெயரைப் பார்த்தேன், பிரிவைப் பார்த்தேன், கையெழுத்தைப் பார்த்தேன், முத்திரையைப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன.

"உள்வாசல் திறந்திருக்கிறதே, ஏட்டையா. ஏன் இவ்வளவு சுற்று?"

"உங்க பழைய ஐயா எங்களுக்கு ஒரு கெட்ட பழக்கத்த உண்டுபண்ணி வெச்சிட்டுப் போய்ட்டாரும்மா," என்றார் அவர். "அந்தக் கதவாண்ட போனா காலு நின்னுடுது."

நான் கதவைத் திறந்தேன்.